லீவுக்குள் பொன்னியின் செல்வன் முடியுமா? தில்லிக் கோடை வாசிப்பு இழை

மே 9, முனிர்காக்காரன்
தில்லிப் பள்ளிகளுக்கு மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை லீவு. கூட்டிக் கழித்தால் சுமார் 50 நாள். அதற்குள் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் முடித்துவிடலாம், பாகத்துக்குப் பத்து நாள் போதும் என்கிறேன். முடியாது என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். "படிக்கப் படிக்க வேகம் வந்துடும்" என்பதெல்லாம் காரணத்தில் சேராது.

மே 9, கரோல்பாக் மாமி
முடியும். ஆனால் பாகத்துக்குப் பத்து நாள் என்று போட்டால் ஜூன் மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்கும். ஐந்து பாகமும் ஒரே அளவா என்ன? புதுவெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. மொத்தம் 293. கடைசிப் பாகம் மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கணக்குப்படி மூன்றாம், நான்காம் பாகங்களில் நாளுக்கு நாலரை அத்தியாயம் படித்துப் பழகிவிட்டு, ஐந்தாம் பாகத்தில் திடீரென்று ஒன்பது படிக்க வேண்டிவரும். அங்கேதான் எல்லாரும் விடுவார்கள்.

பாகத்தை மறந்துவிட்டு அத்தியாயத்தை எண்ணுங்கள். தினம் ஆறு. பாகவாரியாகத்தான் வேண்டுமென்றால் 10, 9, 8, 8, 15 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். நிதானமாகப் படிப்பவருக்கும் ஆறு அத்தியாயத்துக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும், அவ்வளவுதான்.

மே 9, பழைய பேப்பர்
மாமி கணக்கில் ஊருக்குப் போகிற நாள் எங்கே?

மே 9, கரோல்பாக் மாமி
தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்தால் இரட்டிப்பாக ஓடும். ஊரில் இறங்கிய பிறகு ஒரு பக்கம்கூட ஓடாது. இரண்டும் நேராகிவிடும்.

மே 10, ஜனக்புரி சி பிளாக்
ஒரு ஆட்சேபம். கதை தொடங்குவதே ஆடிப் பதினெட்டில், வீராணம் ஏரிக்கரையில். முதல் அத்தியாயத்தின் பெயரே "ஆடித் திருநாள்". எழுபத்து நான்கு மதகிலும் தண்ணீர் பாய்கிற வர்ணனையை மே மாத லூ அனல் காற்றில் உட்கார்ந்து படிப்பது நாவலுக்குச் செய்கிற துரோகம். ஆகஸ்ட் 2, 3 வாக்கில் ஆரம்பியுங்கள். யமுனையிலும் அப்போதுதான் தண்ணீர் என்று ஏதோ இருக்கும்.

மே 10, முனிர்காக்காரன்
ஆகஸ்டில் யூனிட் டெஸ்ட் ஆரம்பித்துவிடும் சார். லூவில் படித்தால்தான் வீராணம் இனிக்கும்.

மே 11, கரோல்பாக் மாமி
முதல் தடவை படிப்பவர்களுக்கு நாள் கணக்கைவிட முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. பெரும்பாலானவர்கள் நிறுத்துவது முதல் பாகத்தின் முதல் பத்துப் பதினைந்து அத்தியாயத்தில். அலுப்பால் இல்லை, யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடாமல்தான். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டம் முதல் பாகத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே மதுராந்தகனுக்கு ஏன் பட்டம் கட்டப் பார்க்கிறார்கள், அவனுக்கு என்ன பாத்தியதை என்று தெரியாவிட்டால் மீதி நாவல் வெறும் குதிரை ஓட்டம்தான்.

ஒரு அரைத்தாளை எடுத்து இதை எழுதி முதல் பாகத்துக்குள் செருகிவையுங்கள். முதலாம் பராந்தகன். அவருக்கு ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர் என்று பிள்ளைகள். ராஜாதித்தர் 949-ல் தக்கோலப் போரில் மடிந்தார். பட்டம் கண்டராதித்தருக்குப் போனது. அவர் பிள்ளை மதுராந்தகன் குழந்தையாக இருந்ததால் அடுத்து அரிஞ்சயர், அவருக்குப் பிறகு அவர் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். ஆக மூத்த கிளை மதுராந்தகனுடையது, ஆள்கிற கிளை சுந்தர சோழருடையது. சிக்கல் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான். செம்பியன் மாதேவி கண்டராதித்தரின் ராணி என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், இரண்டாம் பாகத்துக்குள் பத்துத் தடவை தேவைப்படும். தாளின் பின்பக்கத்தில் பழுவேட்டரையர் இருவர்: பெரியவர் தனாதிகாரி, நந்தினியை மணந்தவர், சின்னவர் தஞ்சைக் கோட்டைத் தலைவர்.

இதற்கு மேல் எழுதாதீர்கள். நந்தினி யார் என்று முன்கூட்டியே யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

மே 12, பழைய பேப்பர்
எந்தப் பதிப்பு என்று யாரும் கேட்கவில்லையே. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். அதனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை:

ஐந்து பாகமும் ஒரே தடிப் புத்தகமாக வருவது மலிவு. மல்லாந்து படுத்துப் படித்தால் மூக்கு உடையும், மெட்ரோவில் நின்றுகொண்டு பிடிக்கவே முடியாது. அந்த விலைக்கு அடக்க எழுத்தைச் சிறிதாக்கி, தாளையும் மெல்லியதாக்கிவிடுவார்கள். ஒரு பக்கத்தைத் தனியாகத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சத்தில் பின்பக்க எழுத்து கொஞ்சம் தெரிவது சகஜம். சாதாரணமாக விரித்து வைத்தபோதே தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள், இரவு ட்யூப்லைட்டில் கண் வலிக்கும்.

அடுத்தது ஃபாரம். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத்தான் சேர்க்கப்படுகிறது. சேர்க்கும்போது ஒரு ஃபாரம் விட்டுப்போவதும், ஒரே ஃபாரம் இரண்டு தடவை வருவதும் மலிவுப் பதிப்புகளில் உண்டு. எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டாம். 16-லிருந்து 17, 32-லிருந்து 33, 48-லிருந்து 49 என்று தாவுகிற இடங்களை மட்டும் பாருங்கள். முன்பக்கங்களுக்குத் தனி எண் போட்டிருந்தால் இந்த எண்கள் சில பக்கம் தள்ளிப்போகும், ஆனால் இடைவெளி பதினாறுதான். ஐந்தாம் பாகத்தில் 91-ஆம் அத்தியாயம் இருக்கிறதா, அதற்குப் பின் முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிவுரையை இடமில்லை என்று வெட்டிய பதிப்பு உண்டு. கல்கி அதில்தான் யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சொல்கிறார். அது இல்லாமல் முடித்தால் சண்டை போடத் தோன்றும்.

படம் வேண்டும் என்பவர்களுக்கு: 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடராக ஆரம்பித்தபோது வரைந்தவர் மணியம். பின்னாளில் மறுபடி தொடராக வந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். அட்டையில் "ஓவியங்களுடன்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த ஓவியங்கள் என்று உள்ளே பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மே 12, முனிர்காக்காரன்
தனித்தனி ஐந்து பாகம் என்று முடிவு. ஐந்தாம் பாகத்தை இரண்டு புத்தகமாகப் போடுகிறார்களே, அது வேறு நூலா?

மே 12, பழைய பேப்பர்
அதே நூல்தான். 91 அத்தியாயத்தை ஒன்றாகக் கட்டினால் முதுகு தாங்காது என்று இரண்டாக வெட்டுகிறார்கள். வாங்குங்கள், நல்லதுதான்.

மே 14, மயூர் விஹார்
ஒரே மனிதரை இப்படிச் சுற்றிச்சுற்றி வருகிறீர்களே. கோடைக்கு ஐந்து பாகம் எதற்கு? இங்கே முக்கால்வாசிப் பேருக்கு வாசிப்பு நேரம் மெட்ரோதான். நீல லைனில் ஏறி ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் லைன் மாறுகிறவருக்குக் கிடைப்பது இருபத்தைந்து நிமிடம், ஒரு தள்ளுமுள்ளு, மறுபடி இருபது நிமிடம். அதற்கு அளவாகத் தைத்தது சிறுகதை.

புதுமைப்பித்தன் முழுத் தொகுப்பை வைத்துக்கொண்டு வரிசையாகப் படிக்காதீர்கள். "பொன்னகரம்" இரண்டு மூன்று பக்கம்தான், இரண்டு ஸ்டேஷனுக்குள் முடிந்துவிடும், அதன் கடைசி வரி ஆபீஸ் வரை கூடவே வரும். "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" ஒரு முழுப் பயணம். "துன்பக்கேணி"யை மெட்ரோவில் தொடவே தொடாதீர்கள், அது குறுநாவல் நீளம். நடுவில் விட்டால் மலையகத் தேயிலைத் தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

மே 14, ஜனக்புரி சி பிளாக்
தண்ணீர் கஷ்டம் தலைக்கு மேல் போகிற மாதத்தில் அசோகமித்திரனின் "தண்ணீர்" இருக்கிறதே. 1969-ல் சென்னையில் வந்த பஞ்சம் பின்னணி. சின்ன நாவல், இரண்டு மத்தியானம். தெருவில் ஜல் போர்டு டேங்கர் ஹார்ன் அடிக்கிறபோது புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வாளியோடு ஓடினால் அடுத்த அத்தியாயம் தானாகப் புரியும்.

மே 15, மயூர் விஹார்
தில்லியில் இருந்துகொண்டு தில்லியை எழுதிய தமிழ் நாவல்களைத் தாண்டிப்போவது அநியாயம். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஆதவன் இங்கே நேஷனல் புக் டிரஸ்டில் வேலை பார்த்தவர். முதலில் இந்திரா பார்த்தசாரதியின் "தந்திர பூமி". பிறகு ஆதவனின் "காகித மலர்கள்". தில்லி அதிகார வட்டத்தில் வளைய வருகிற மனிதர்களைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகக் கிழித்தவர்கள் குறைவு. பின்பு மறுபடி இந்திரா பார்த்தசாரதி, "குருதிப்புனல்".

மே 15, பழைய பேப்பர்
"குருதிப்புனல்" தில்லி நாவல் இல்லை. தஞ்சை மாவட்டக் கிராமம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணிக் கொடுமையை அடியாகக் கொண்டது. கோபாலும் சிவாவும் தில்லியிலிருந்து அங்கே போகிறார்கள், அத்தோடு சரி. 1977-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய நாவல்.

மே 15, மயூர் விஹார்
தில்லிக்காரன் கண்ணால் பார்க்கப்பட்ட கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர்கள் இருவரும் அங்கே எவ்வளவு தூரம் வெளியாட்கள் என்பதுதானே பாதி நாவல். நான் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன், மூன்றாவதாகத் தள்ளுகிறேன்.

ஆதவனை நாவலில் தொடங்குவது சரியா என்றும் இப்போது யோசனை வருகிறது. "காகித மலர்கள்" பெரும்பாலும் மனசுக்குள்ளேயே நடக்கிறது. பழகாதவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் இழுக்கும். "முதலில் இரவு வரும்" சிறுகதைத் தொகுப்பில் ஆரம்பிக்கலாம். அவர் 1987-ல் சிருங்கேரியில் ஆற்றோடு போன பிறகு அகாதமி பரிசு பெற்றது அந்தத் தொகுப்பு.

மே 15, ஜனக்புரி சி பிளாக்
கணையாழி இலக்கிய இதழும் இந்த ஊர்ப் பிள்ளைதான். 1965-ல் கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்துதான் ஆரம்பித்தார், சென்னைக்குப் போனது அப்புறம். அதில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கங்கள் தொகுப்பாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் என்பதால் கரண்ட் போய் வருகிற மத்தியானத்துக்குச் சரியாக இருக்கும்.

மே 18, முனிர்காக்காரன்
வீட்டில் உள்ளவனுக்குப் பத்து வயது. தமிழ் பேசுவான், படிக்க வராது, ஹிந்தி சரளம். அவனையும் இந்த லீவில் இழுத்துவிட வழி உண்டா? டியூஷன் வேண்டாம்.

மே 18, கரோல்பாக் மாமி
உண்டு. ஹிந்தி எழுத்து தெரிந்த பிள்ளைக்கு 247 எழுத்தையும் அட்டவணை போட்டு ஒப்பிக்கச் செய்வது வீண் வேலை. மெய்யோடு உயிர்க்குறி சேர்வது என்ற விஷயம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். 12 உயிர், 18 மெய், குறிகள், புள்ளி. ஒரு வாரம், தினம் இருபது நிமிடம்.

தடுக்குகிற இடம் வேறு. ஹிந்தியில் நான்கு எழுத்து பார்க்கிற வேலையை இங்கே ஒரே க பார்க்கிறது. "எப்போ எப்படிச் சொல்லணும்?" என்று கேட்பான். அடித்துச் சொல்ல மூன்று விதி போதும். சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லோசை: கண், பக்கம். மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்வோசை: தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, கம்பு. இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் மென்மை: அகம், படம், அது. ச மட்டும் முதலில் வரும்போது பெரும்பாலும் "ஸ" பக்கம் சாயும், இரட்டித்தால்தான் அழுத்தம்: சட்டை, பச்சை. புத்தர், பாபு மாதிரி வடசொல், பெயர்ச்சொல் எல்லாம் இந்த விதிக்கு அடங்காது, அவை காதால் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் தொல்லையில்லை.

இரண்டாவது தடுக்கல் குறில் எ, ஒ. ஹிந்தியில் இவற்றுக்குத் தனி எழுத்து கிடையாது, அதனால் எல்லாவற்றையும் நீட்டுவான். கொடி கோடி, எடு ஏடு, பெட்டி பேட்டி என்று ஜோடி ஜோடியாகக் கொடுங்கள். மூன்றாவது, ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்பது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும். குறியைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் அடுத்த எழுத்துக்குக் கண் போக வேண்டும். விரல் வைத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், விரல் இடமிருந்து நகர்ந்தால் இந்தக் குறிகளில் மாட்டும். ஒரு அட்டையை வரிக்குக் கீழே பிடித்தால் போதும்.

மே 18, மயூர் விஹார்
படிக்க என்ன கொடுப்பது? கல்கியைக் கொடுத்துவிடாதீர்கள். லயன், முத்து காமிக்ஸ். லக்கி லுக் ஒரு கட்டத்துக்கு இரண்டு வரி, அதுவும் பேச்சு. புரியாவிட்டாலும் படம் இருக்கிறது. சிவகாசியிலிருந்து தபாலில் வரும், இப்போதே சொல்லிவையுங்கள்.

மே 25, முனிர்காக்காரன்
தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா?

மே 25, பழைய பேப்பர்
2019-லேயே நடைபாதையிலிருந்து எடுத்து ஆசஃப் அலி ரோடு பக்கம் மகிளா ஹாட்டுக்குள் விட்டுவிட்டார்கள், அங்கே போங்கள். காலையிலேயே போங்கள், பதினொன்றுக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. தமிழுக்கென்று கடை கிடையாது. "ரீஜனல்" என்று ஒரு மூலைக் குவியலில் மலையாளம், தெலுங்கோடு கலந்து கிடக்கும். விற்பவருக்கு எது எந்த மொழி என்றே தெரியாது, ஆகவே பேரம் பேச வசதி. யாராவது சர்க்கார் குவார்ட்டர்ஸ் காலி செய்து பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவுக்குப் போட்ட மூட்டை வந்த வாரம் அதிர்ஷ்டம். தேடிப்போய் ஒரு குறிப்பிட்ட புத்தகம் வேண்டுமென்றால் ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க நூலகம், இல்லையேல் மண்டி ஹவுஸ் பக்கம் ரவீந்திர பவனில் சாகித்ய அகாதமி நூலகம். சந்தை என்பது வலைவீசுகிற இடம்.

வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள் மாட்டினால் விடாதீர்கள். அசல் படங்கள் அதில்தான். ஆனால் அத்தியாய எண்ணை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பைண்டுக்காரர் ஓரத்தை வெட்டும்போது வரியின் நுனி போயிருக்கும், ஒரு வார இதழ் வராத இடத்தில் கதை ஒரு தாவு தாவும்.

ஜூன் 1, ஜனக்புரி சி பிளாக்
அப்படி ஒன்று கிடைத்தால் பையனிடம் உடனே கொடுக்காதீர்கள். 1978 சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சானவற்றில் 13 எழுத்து வேறு உருவம். ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி சுழி. ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு வளைந்து ஒட்டியிருக்கும்; அவற்றின் ஒகர, ஓகார வரிசை ஆறும் அப்படியே. ஒரு சீட்டில் பதின்மூன்றையும் எழுதி உள்ளட்டையில் ஒட்டினால் பெரியவர்களுக்குப் பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

ஜூன் 1, கரோல்பாக் மாமி
சந்தைப் புத்தகத்தை நேரே அலமாரியில் வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சி குடிவந்துவிடும். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீஸரில் மைனஸ் 18-ல் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் தாளில் வேர்த்து ஈரம் பூக்கும். ஏற்கெனவே ஈரமாக இருக்கிற புத்தகத்தை முதலில் நிழலில் உலர்த்திவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

ஜூன் 8, முனிர்காக்காரன்
மூன்றாம் பாகம் ஓடுகிறது, தினம் ஆறு நிற்கிறது. புதுச் சிக்கல்: அட்டை எல்லாம் வெளிப்பக்கமாகச் சுருள்கிறது. முதல் பாகத்தில் நடுவில் நாலு தாள் கழன்று வந்துவிட்டது.

ஜூன் 8, பழைய பேப்பர்
வீட்டில் கூலரா? அட்டையின் வெளிப்பக்கம் லேமினேஷன், உள்பக்கம் வெறும் தாள். கூலர் காற்றின் ஈரத்தை உள்பக்கம் குடித்து விரியும், வெளிப்பக்கம் விரியாது, அதனால் வெளியே சுருளும். கூலருக்கு நேரெதிரே வைக்காமல், படிக்காதபோது பாரத்துக்கு அடியில் படுக்கவையுங்கள். ஏசி அறைக்கு மாற்றினால் இரண்டொரு நாளில் பெரும்பாலும் நேராகும்.

தாள் கழன்றது விரித்த விதத்தால். ஒட்டு பைண்டிங் புத்தகத்தைப் புதிதாக வாங்கியதும் நடுவில் பிளந்து அழுத்தினால் பசை அங்கேயே விரிசல் விடும். முதுகை மேஜையில் நிறுத்தி, முன்னட்டையை ஒரு பக்கம், பின்னட்டையை மறுபக்கம் சாய்த்து, முன்னால் இருபது தாள், பின்னால் இருபது தாள் என்று மாறி மாறி மெதுவாக நீவிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். நான்கு, ஐந்தாம் பாகங்களுக்காவது செய்யுங்கள்.

கழன்ற தாளுக்கு செல்லோடேப் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகிப் பசை எழுத்தில் இறங்கும். முதுகோரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஃபெவிக்காலைத் தீக்குச்சியால் தடவி, தாளை உள்ளே தள்ளி மேல் விளிம்பைச் சமன் பார்த்து, இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, ராத்திரி முழுக்கப் பாரம். பசை அதிகமானால் பக்கத்துத் தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, காருக்குள் வெயிலில் விடாதீர்கள். முதுகுப் பசை சூட்டில் உருக்கி ஊற்றியது, சூட்டிலேயே இளகும்.

ஜூன் 9, மயூர் விஹார்
இத்தனை அவஸ்தைக்கு மதுரைத் திட்ட இணையதளத்தில் இறக்கி கிண்டிலில் படிக்கலாம். 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டெழுதி ஏற்றுகிறார்கள், காசில்லை. யுனிகோடு கோப்பை எடுங்கள், பழைய டிஸ்கி குறியீட்டில் உள்ள கோப்பு கருவியில் கோழிக்கிறுக்கலாகத் தெரியும். ஸ்கேன் பிடிஎஃப் ஆறு அங்குலத் திரைக்கு ஆகாது. வரியை இரு பக்கமும் சமன் செய்கிற அமைப்பை நிறுத்திவிட்டு இடப்பக்கம் மட்டும் ஒட்டவையுங்கள். தமிழ்ச் சொல் நீளம், சமன் செய்தால் ஒரு வரியில் மூன்று சொல்லும் நடுவில் பெரிய பள்ளமுமாக வரும்.

ஜூன் 9, கரோல்பாக் மாமி
ஐந்தாம் பாகத்தில் பின்னால் திரும்பி யார் என்ன சொன்னார் என்று தேட வேண்டிவரும். அதற்குக் காகிதம்தான் லாயக்கு. தேடல் வசதி இருக்கிறதே என்பீர்கள். கதாநாயகன் பெயரை, "வந்தியத்தேவன்" என்று தேடிப் பாருங்கள்.

ஜூன் 22, முனிர்காக்காரன்
ஐந்தாம் பாகம் 30-ஆம் அத்தியாயம். மீதி 61, லீவு முடிய எட்டு நாள்.

ஜூன் 22, கரோல்பாக் மாமி
இன்றிலிருந்து தினம் எட்டு. சண்டையும் ஓட்டமுமாக இருக்கிற அத்தியாயங்கள் தானாக ஓடும், கடைசி இருபதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். ஜூலை இரண்டு, மூன்றானால் வானம் இடிந்து விழாது. பையன் என்ன ஆனான்?

ஜூன் 23, முனிர்காக்காரன்
லக்கி லுக்கில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். "பஞ்சு" சரியாக வருகிறது, "கொடி" இன்னும் கோடிதான். சிவகாசிக்கு அடுத்த ஆர்டர் போட்டாயிற்று.